அந்த அக்கா பையைத் திருப்பி வைத்தது சரிதான்

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெரு, யார் வீடு என்பதும் வேண்டாம். தூய்மைப் பணியாளர் அக்கா கேரிப்பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பிரிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார். மாடியில் நின்று அண்ணாச்சி கத்துகிறார். கீழே கமெண்டில் பாதிப்பேர், "வரி கட்டுறோம்லா, அவ வேலைதான அது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது அவர் வேலை இல்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையை வகைவகையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது குப்பை போடுகிற வீடு. பிரித்ததை வாங்கிப்போவதுதான் அவர் வேலை. வயதில் மூத்த ஒரு பெண்ணை "அவ" என்று எழுத உங்களுக்குக் கை வந்தது எப்படி என்றே எனக்குப் புரியவில்லை.

அந்தப் பையில் இருந்தது வீடியோவிலேயே தெரிகிறது. குழம்புச் சோறு, மீன் செதில், பால் பாக்கெட், பிள்ளையின் டயாபர். இதை ஒன்றாகக் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் என்ன ஆகும்? சோற்றுத் தண்ணீர் ஊறின காகிதத்தைப் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள். கழுவிக் காயவைத்தால் எடைக்குப் போகிற பால் பாக்கெட், மீன் தண்ணீர் பட்டால் போகாது. டயாபர் கிழிந்து உள்ளே இருக்கிற ஜெல் சோற்றில் கலந்துவிட்டால் அந்தச் சோறு உரத்துக்கும் ஆகாது. சிப்ஸ் கவர் மாதிரி எதற்கும் உதவாததைச் சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாம், ஆனால் ஈரமாகப் போனால் அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. கலந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி, நம் திருநெல்வேலி மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிற ராமையன்பட்டி. அங்கே குவியலுக்குள் காற்றுப் போகாமல் அழுகி மீத்தேன் சேர்கிறது. வெயில் காலத்தில் தீப்பிடித்தால் சங்கரன்கோவில் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்கள்தான் அந்தப் புகையைக் குடிக்கிறார்கள். அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

பிரிப்பது வாசலில் நடக்கிற வேலை இல்லை, அடுக்களையில் குப்பையைக் கையிலிருந்து போடுகிற அந்த நேரத்தில் நடக்க வேண்டியது. பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இதைத்தான் அந்த அக்கா மூன்று வார்த்தையில் சொன்னார்.

"மாடி இருக்கிறவங்க உரம் போடலாம், நாங்க வாடகை வீடு" என்பார்கள். உரம் போடாவிட்டால் பரவாயில்லை, தனி வாளியில் கொடுங்கள், போதும். போட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். மூடியோடு இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வாங்குங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் சுண்டுவிரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, அடியில் ஒரு தட்டு வையுங்கள். முதலில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்க் கழிவு. அதன்மேல் காய்கறிக் கழிவு எவ்வளவு போடுகிறீர்களோ அதே அளவு காய்ந்த இலை. வேப்பஞ்சருகு கிடைக்காத தெரு நம் ஊரில் இல்லை. ஒரு கை புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கத் தொடங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் உரமாகிவிடும்.

நாறினால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். சருகைப் போட்டுக் கிளறினால் நின்றுவிடும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் இதற்கு நேர்மாறு, காய்ந்துபோய் மக்குவதே நின்றுவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் சாரல் படாமல் வீட்டுத் தார்சாவுக்குள் (திண்ணையை அடுத்த கூடம்) இழுத்து வையுங்கள். சாளைத் தலை, குடல் எல்லாம் மேலாகப் போடாமல் நடுவில் குழி பறித்துப் புதைத்து, மேலே சருகை மூடுங்கள். வாழை இலையின் தண்டை நறுக்கிப் போட வேண்டும். சிரட்டையும் கதம்பையும் (தேங்காய் மட்டை) வேண்டாம், அவை மக்க ரொம்ப நாள் பிடிக்கும். புழு வந்தால் பயந்து வாளியைக் கவிழ்த்துவிடாதீர்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாக நெளிவது பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழு, அது குப்பையைத் தின்று வேலையைக் குறைக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் பெரியம்மா இருக்கிற வளவில் ஐந்து குடித்தனமும் சேர்ந்து பொது டிரம்மில் போடுகிறார்கள். எல்லாரும் வாடகைக்கு இருக்கிறவர்கள்தான்.

"பிரிச்சுக் குடுத்தாலும் வண்டில ஒண்ணாத்தான கொட்டுறாங்க" என்று கேட்பீர்கள். சில இடத்தில் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நாலு வீடு பிரித்து, மிச்சத் தெரு முழுவதும் கலந்து கொடுத்தால் வண்டியில் கலக்கத்தான் செய்யும். அதற்குத்தான் அந்த அக்கா திருப்பி வைத்தார், அதற்கும் திட்டுகிறீர்கள். வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

நேரம் இல்லை என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி ரோடு பக்கமெல்லாம் வயலும் பொட்டலும் பிளாட்டாகி வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. வீடு கட்டாத மனை ஒவ்வொன்றும் குப்பைமேடு. ராத்திரி பைக்கில் வந்து வீசிவிட்டுப் போகிறவர்கள் வெளியூர்க்காரர்களா? கேரிப்பைக்குள் சோற்றைக் கட்டி எறிந்தால் மாடு பையோடுதான் தின்னும். மழைக்கு அதெல்லாம் வாறுகாலில் இறங்கி, வாய்க்காலுக்குப் போய், கடைசியில் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டினபோது நாம் எவ்வளவு கொதித்தோம்! பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்துக்காரர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப்போனார்கள். கொதித்தது நியாயம். ஆனால் நம் வீட்டு இன்சுலின் ஊசி சோற்றுப் பைக்குள் கிடக்கிறதே, அது குத்தப்போவது அந்த அக்கா கையில்தானே? கையுறை ஊசியைத் தடுக்காது. கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் ஊசியைப் போட்டு, மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று எழுதிக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். டயாபரையும் நாப்கினையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

வாளி, உரம், எதை எதில் போடுவது என்று சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், பதில் போடுகிறேன். அந்த அக்காவைத் திட்டி எழுதினால் கமெண்டை நீக்கிவிடுவேன்.