கேஜன் கடையில் பார்சலா? பொரித்ததை விட்டுவிடுங்கள்

ஹூஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், பக்கத்து மாநிலமான லூசியானாவின் சமையலைத் தரும் கேஜன் கடைகளைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "பேருதான் பெரிசு, மீன் சொதசொதன்னு இருந்துச்சு." என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், பொரித்த கேட்ஃபிஷ், கூடவே ஃப்ரைஸ், அதுவும் ஆப்பில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவழைத்தது என்பார்கள். சோளமாவில் புரட்டிச் சுடச்சுடப் பொரித்த மீனைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடினால், அதிலிருந்து கிளம்பும் ஆவி எங்கே போகும்? மூடியின் உட்பக்கம் முத்துமுத்தாகக் கட்டி, மறுபடி மீன் மேலேயே சொட்டும். வீடு வந்து சேர்வதற்குள் மேல்மாவு தனியாக, மீன் தனியாகக் கழன்றுவிடும். பாவம், சமைத்தவர் சரியாகத்தான் சமைத்திருப்பார். ஒற்றை நட்சத்திரம் மட்டும் அவருக்குப் போகும்.

கேஜன் சாப்பாட்டில் பாதி, பார்சலுக்கென்றே பிறந்தது. மீதி பாதி கடை வாசலைத் தாண்டவே கூடாது. இது தெரியாமல் ஒரு கடையை நல்லது கெட்டது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கம்போ, சோற்றோடு சாப்பிடும் கெட்டிக் குழம்பு. பெட்ரோல் பங்க்கையும் சலவைக் கடையையும் ஒட்டி ஸ்ட்ரிப் மாலில் இருக்கும் சின்னக் கடையாக இருந்தாலும் சரி, புதிதாக ஒரு இடத்துக்குப் போனால் ஒரு கப் கம்போ மட்டும் வாங்கிப் பாருங்கள். மாவையும் எண்ணெயையும் ஏறக்குறைய சம அளவில் போட்டு, சிறுதீயில் கையெடுக்காமல் கிண்டுவதுதான் அதன் அடித்தளம். 'ரூ' என்பார்கள். வெளுப்பாக இருக்கும் மாவு மெல்லப் பழுத்து, வேர்க்கடலைத் தோல் நிறத்துக்கு வந்து, பிறகு சாக்லேட் நிறமாகும். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் போன் வந்தது என்று திரும்பினால் கருப்புப் புள்ளி தெரியும். அவ்வளவுதான், கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பதம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய். காரமெல்லாம் அப்புறம்தான். "கேஜன்னா காரம்" என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடிநாக்கில் நிற்கும் அந்த வறுத்த கசப்புக்குத்தான் காசு.

கரண்டியில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய நிறத்தில், மைதாக் கஞ்சி மாதிரி வழிந்தால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

1755 முதல் பிரிட்டிஷார் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டிய பிரெஞ்சுக் குடியேறிகளில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்புநிலங்களில் வந்து ஒதுங்கினார்கள். அவர்களின் வழிவந்தவர்களே கேஜன் மக்கள். ஆனால் கம்போ அவர்களுடையது மட்டுமல்ல. அதில் விழும் வெண்டைக்காய், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மூலம் வந்தது. சிலர் தூவும் சாஸஃப்ரஸ் இலைப்பொடி சோக்டா பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. நாம் வதக்கி வதக்கி விரட்டுகிற வெண்டைக்காய்க் கொழகொழப்பைக் குழம்பு கெட்டியாவதற்காகவே இவர்கள் வைத்துக்கொள்கிறார்கள்!

கம்போவும் வத்தக்குழம்பு போலத்தான், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பார்சலுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? சோற்றை மட்டும் தனியாகத் தரச் சொல்லுங்கள். கலந்து கொடுத்தால் சாறு முழுவதையும் அது குடித்துவிடும். சோற்றின் மேல் ஊற்றித் தரும் க்ராஃபிஷ் அல்லது இறால் குழம்பான எட்டூஃபே, ரெட் பீன்ஸ் எல்லாம் இதே கணக்குதான்.

அடுத்தது க்ராஃபிஷ். பார்க்கக் குட்டி லாப்ஸ்டர், வளர்வது நன்னீரில். லூசியானாவில் நெல் விளையும் நிலத்திலேயே, அறுவடை முடிந்த பிறகு தண்ணீர் கட்டி இதை வளர்க்கிறார்கள். 2023ல் அங்கே கடும் வறட்சி. மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கியிருந்தவை ஏராளமாகச் செத்துப்போய், 2024 சீசன் தொடக்கத்தில் விலை தாறுமாறாக ஏறியது. சீசன் ஜனவரி வாக்கில் தொடங்கி ஜூன் வரை ஓடும். மார்ச்சிலிருந்து மே வரைதான் நல்ல பருவம்.

இங்கேதான் பழைய கட்சி, புதிய கட்சிச் சண்டை வரும். லூசியானா முறையில் மசாலாத் தண்ணீரில் வேகவைத்து, அதிலேயே ஊறவிட்டு எடுப்பார்கள். 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் பலர் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இறால் பிடிக்கும் தொழிலில் இறங்கினார்கள். அந்தச் சமூகத்துக் கடைக்காரர்கள் ஹூஸ்டனில் செய்த வேலை, வெந்த க்ராஃபிஷை வெண்ணெய், பூண்டு, சில இடங்களில் லெமன்கிராஸும் சேர்த்துப் புரட்டிக் கொடுப்பது. வியட்நாமியர் கடைகள் நிறைந்த பெலேர் புலவார்டு சாலைப் பக்கம் போனால் பூண்டு வாசனையே வழிகாட்டும். "இது கேஜனே இல்லை" என்று முகம் சுளிக்கும் லூசியானாக்காரர்கள் உண்டு. உட்கார்ந்து சாப்பிட எனக்கும் பழைய முறைதான் பிடிக்கும். பார்சல் என்றால் சந்தேகமே இல்லாமல் வியட்நாமியர் கடைதான். கட்டிய பைக்குள் அந்த வெண்ணெய் மசாலா வழியெல்லாம் ஓட்டுக்குள் இறங்கிக்கொண்டே வரும். மற்றது ஆறி, வறண்டு போகும். ஒரு எச்சரிக்கை: பைக்கு அடியில் ஒரு ட்ரே வையுங்கள். கார் தரைவிரிப்பில் கசிந்தால் அடுத்த வாரம் வரை நீங்களும் பூண்டுதான்.

போபாய் நடுவாந்தரம். 1929ல் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச் என்று கதை சொல்வார்கள். மொறுமொறு பிரெஞ்சு ரொட்டியும் பொரித்த இறாலும்தான் அதன் உயிர். மயோனைஸையும் தக்காளியையும் தனியாக வாங்கிக்கொண்டு, கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்தே முடித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறால் எங்கே பிடித்தது என்று கேட்பதில் தப்பே இல்லை. அமெரிக்காவுக்கு அதிகமாக இறால் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று, அதிலும் ஆந்திரப் பண்ணைகள் பெரும்பங்கு. வளைகுடா இறால் என்று நினைத்து நெல்லூர் இறாலைத் தின்றுகொண்டிருக்கலாம்! இறக்குமதி இறால், க்ராஃபிஷ் என்றால் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று லூசியானாவில் 2019லேயே சட்டம் கொண்டுவந்தார்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். கடலுணவு கம்போ என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஆண்டூயி என்ற பன்றிக்கறி சாசேஜ் கிடக்கலாம். ரெட் பீன்ஸ் என்ற பெயரைப் பார்த்து ராஜ்மா என்று நம்பிவிடாதீர்கள், அதிலும் ஹாம் இருக்கும். சைவர்களுக்கு இங்கே நான் பரிந்துரைக்க எதுவுமில்லை. ஃப்ரைஸ்கூட பெரும்பாலும் மீன் பொரித்த அதே எண்ணெயில்தான்.

ஆப்பை விட்டுவிட்டுக் கடைக்கே போன் செய்து, நீங்களே போய் எடுத்து வாருங்கள். விலையும் குறைவாக இருக்கும், சோறு தனி, சாஸ் தனி என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியும். தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் மதியமே சொல்லிவிடுங்கள். கறி தொடாத கத்தோலிக்கர்கள் மொத்தப் பேரும் அன்றைக்கு இங்கேதான் நிற்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனையே எடுக்க மாட்டார்கள்.