கௌஹர் ஜான் முதல் குரல் இல்லை

"இந்தியாவில் முதன்முதலில் இசைத்தட்டில் பதிவான குரல் கௌஹர் ஜானுடையது" என்று அந்த இந்துஸ்தானிப் பாடகியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் தவறு. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கியபோது, முதலில், அதாவது 8ஆம் தேதி பாடியவர்கள் கிளாசிக் தியேட்டர் என்ற நாடக அரங்கைச் சேர்ந்த சசிமுகி, பணிபாலா என்ற இரண்டு இளம்பெண்கள். கௌஹர் ஜான் பாடியது 11ஆம் தேதி. இவர்களுக்கும் முன்பே, 1899இல், லண்டனில் சில இந்தியர்களின் குரல் பதிவாகியிருக்கிறது.

மூன்று நாள்தானே வித்தியாசம் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு பெண்களின் பெயரே இதனால் அழிந்துபோகிறது.

அப்புறம், கௌஹர் ஜானின் பெருமை முதலில் பாடியதில் இல்லை. மணிக்கணக்கில் விரித்துப் பாடும் இசையை, ஒலிப்பதிவுக்கு ஒலிவாங்கிகூடப் பயன்படாத காலத்தில் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாடி, சுமார் மூன்று நிமிடத்துக்குள் முழுமையாக நிற்கும்படி சுருக்கிக் காட்டினாரே, அதுதான் பெரிய விஷயம். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டுகள் அப்போது ஜெர்மனியின் ஹானோவரில் அச்சானதால், பாடியது யார் என்று அங்கே தெரிய அது உதவியது.

தெற்கிலும் சேலம் கோதாவரி என்ற பாடகி அந்தப் பத்தாண்டிலேயே பதிவு செய்துவிட்டார். அவரையும் சேர்த்து எழுதுங்கள்.