சாப்பாட்டு பில்லாம்!

2022 அக்டோபரில் மெக்சிகோவில், ரெட்புல் ஃபார்முலா 1 கார்ப் பந்தய அணியின் அப்போதைய தலைவர் ஹார்னர் கொடுத்த பேட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செலவு வரம்பைத் தாண்டியதற்கு ஊழியர் சாப்பாட்டுச் செலவும் ஒரு காரணம் என்றார். என் பழைய பதிவுக்குக் கீழே ஒரு தம்பி வந்து, "அண்ணா, மெக்கானிக்குக்கு நாலு இட்லி சேர்த்துப் போட்டாங்க, அதுக்குப் போய் இவ்வளவு குதிக்கணுமா?" என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. அதற்கு முப்பத்தாறு லைக். சரி, சிரியுங்கள்.

ஒரு அணி வருடத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்பதுதான் செலவு வரம்பு. 2021-ஆம் வருட வரம்பை ரெட்புல் தாண்டியது 18 லட்சத்து 64 ஆயிரம் பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்மூர்க் காசில் ஏறக்குறைய 18 கோடி. நல்ல இட்லிதான்.

அதே 2021, பிரேசில். ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பனோடு பட்டத்துக்கு மோதிய ஹாமில்டன். முன்னால் போகிறவரை முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் வசதிக்கு டிஆர்எஸ் என்று பெயர்; அந்த இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. அவர் காரில் 0.2 மில்லிமீட்டர் கூடிவிட்டது. அவ்வளவுதான், தகுதிச் சுற்றில் எடுத்த முதலிடம் போச்சு, ஸ்பிரின்ட் என்கிற சனிக்கிழமைக் குட்டிப் பந்தயத்தில் கடைசியில் போய் நில். (அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தாரே என்காதீர்கள், அது அவர் திறமை.) அதே வருடம் ஹங்கேரியில் வெட்டல் என்ற ஓட்டுநர் இரண்டாவதாக வந்தார். சோதனைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் வேண்டும், டேங்கிலிருந்து வந்தது 300 மில்லி. தகுதிநீக்கம். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்குப் புத்தகத்தில் தப்பு என்றால் மட்டும், விதிகளைப் போடுகிற உலக அமைப்பான எஃப்ஐஏ ரெட்புல்லோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம். 70 லட்சம் டாலர் அபராதம், அதுவும் செலவு வரம்பில் சேராது. காரின் மேல் காற்றடித்து வடிவத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கச் சோதனையில் 10 சதவீதம் வெட்டு. புள்ளி? ஒன்றுகூடக் குறையவில்லை. வெர்ஸ்டாப்பன் 395.5, ஹாமில்டன் 387.5, எட்டே புள்ளியில் பட்டம் முடிவான வருடம் அது. 0.2 மில்லிமீட்டருக்கு இருக்கிற விதி 18 கோடிக்கு இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

"வரிச் சலுகையைச் சரியாகக் காட்டியிருந்தால் மீறல் 0.37 சதவீதம்தான்" என்பீர்கள். எஃப்ஐஏ-வே சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் மற்ற ஒன்பது அணிகளும் வரம்புக்குள் நின்றனவே, அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லையா?

இன்னொரு வேடிக்கை. ஓட்டுநர் சம்பளமும் மேலே இருக்கும் மூன்று பேர் சம்பளமும் 2021 வரம்பில் வரவில்லை. நட்டு முடுக்குகிறவன் சம்பளமும் அவன் தின்ற சோறும் வந்தன. பிடிபட்டதும் அந்தச் சோற்றையே முன்னால் நிறுத்தி அனுதாபம் தேடுகிறார்கள்.

நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு மார்ச் கடைசியில் கேன்டீன் கணக்கு 640 ரூபாய் இடித்தது. ராத்திரி ஒன்பது மணிவரை தேடினேன். ஒரே வவுச்சர் இரண்டு தடவை ஏறியிருந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்தும் என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். என்னோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. எத்தனை சதவீதம் என்றும் கேட்கவில்லை.

"நீ ஹாமில்டன் ரசிகன், அதான் எரியுது." இதை இதுவரை பதினைந்து பேர் சொல்லிவிட்டார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். எனக்கு முதலில் எங்கள் ஊர் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன், அப்புறம்தான் மற்றவர்கள்.

2009-இல் அப்போதைய எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி 4 கோடி பவுண்டு செலவு வரம்பு வரும் என்றார். அதை நம்பிச் சின்ன அணிகள் உள்ளே வந்தன. பெரிய அணிகள் தனியாகப் போட்டி நடத்துவோம் என்று மிரட்டியதும் அந்த வரம்பு காற்றோடு போனது. வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்றுதான் 2011-இல் நரேன் ஓட்டிய ஹிஸ்பானியா. மெல்போர்னில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரத்தில்கூட அவர்கள் காரின் பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை நானும் அப்பாவும் டிவி முன்னால். தகுதிச் சுற்றில் வேகமான காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரவில்லை என்று அவர்களின் இரண்டு கார்களையும் பந்தயத்தில் சேர்க்கவில்லை. அன்று எஃப்ஐஏ-வுக்கு விதி விதியாகவே தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றினார்.

தம்பி, உனக்கு அப்போது என்ன வயசு?