ஓமோ ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, வெள்ளம்தான் இல்லை

எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிபே 3 அணையைப் பற்றி எங்கே எழுதினாலும் ஒருவர் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போவார்: "நீர்மின் அணை தண்ணீரைக் குடித்துவிடாது. டர்பைனைச் சுழற்றிவிட்டுக் கீழேதான் விடுகிறது. கீழே இருப்பவர்களுக்கு என்ன நஷ்டம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கீழ் ஓமோவில் சோளம் எப்படி விளைகிறது என்று பார்த்தால்தான் கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியும்.

ஓமோ எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பிறந்து, சுமார் 760 கிலோமீட்டர் ஓடி, கென்ய எல்லையில் துர்கானா ஏரியில் கலக்கிறது. கடைசிப் பகுதியில் போதி, முர்சி, குவேகு, காரோ, ஞாங்காத்தோம், தாசனெச் என்று பல மக்கள். எல்லாருமாக 2 லட்சம் பேர் அளவில். அவர்கள் மண்ணில் மழை சொற்பம், அதையும் நம்ப முடியாது. மேட்டில் ஜூன் தொட்டுப் பெய்கிற மழைதான் ஆகஸ்ட், செப்டம்பரில் வெள்ளமாகக் கீழே வரும். வாரக்கணக்கில் மெல்ல ஏறும். கரைச்சரிவையும் வளைவுகளின் உட்பக்கத்தையும் மூடி நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். நிற்கிற நாட்களில் மண் ஆழம்வரை ஊறிவிடும். மேலே புது வண்டல் படியும்.

விதைப்பு அந்த இறங்குமுகத்தில்தான். நீர்க்கோடு இறங்க இறங்க அதன் பின்னாலேயே விதைத்துக்கொண்டு போவார்கள். கம்பால் ஒரு குழி, குழிக்குச் சில விதை, மேலே மண். உழவு, உரம், பாசனம் எதுவும் கிடையாது. மேல்மண் காயக் காய வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். அக்டோபர், நவம்பரில் விதைத்தால் ஜனவரி வாக்கில் அறுவடை. நடுவில் பெரிய வேலை என்றால் பறவை விரட்டுவது. பரண் கட்டி, பிள்ளைகள் ஏறி நின்று விரட்டுவார்கள். (நம் தினைப்புனத்துப் பரண் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.)

இந்த விவசாயத்துக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். எவ்வளவு உயரம் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, இரண்டும்தான் உயிர். 10 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிற கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் 1 மீட்டர் குறைவாக ஏறினால் கரை நெடுக 10 மீட்டர் அகலத்துக்கு நிலம் காய்ந்தே கிடக்கும். ஆண்டு முழுக்க ஓடிய மொத்த நீர் அதே அளவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் சோளம் இல்லை.

இவர்கள் பிழைப்பு மூன்று காலில் நிற்கிறது. வெள்ளம் வடிந்த கரையில் விளையும் படுகைச் சோளம் ஒரு கால். மார்ச், ஏப்ரல் மழையை நம்பி உள்ளே விதைப்பது இன்னொரு கால். மாடு மூன்றாவது. முர்சி மக்களை 1960களின் இறுதியிலிருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் டர்டன் காட்டியது இதைத்தான்: மூன்றில் எதுவும் தனியாகப் போதாது, மூன்றும் சேர்ந்தால்தான் ஆண்டு ஓடும். மழைச்சோளம் பொய்த்த ஆண்டில் படுகை காப்பாற்றும். இரண்டும் பொய்த்தால் மாட்டை விற்றுத் தானியம் வாங்க வேண்டும். படுகைச் சோளம் என்ற காலை வெட்டினால் மீதி இரண்டின்மேல் பாரம் ஏறி, முதலில் கரைவது மந்தைதான்.

இப்போது அணைக்கு வருவோம். 243 மீட்டர் உயரம், 10 டர்பைன், 1,870 மெகாவாட். தேக்கம் சுமார் 1,470 கோடி கன மீட்டர். நம் கணக்கில் 519 டி.எம்.சி. அந்த இடத்தில் ஆற்றின் ஓராண்டு வரத்தே ஏறக்குறைய அவ்வளவுதான். ஓராண்டு வரத்தைப் பிடித்து வைக்க முடிந்தால் பருவத்தையே அழித்துவிடலாம்: ஆகஸ்ட் நீரைத் தேக்கி பிப்ரவரியில் விடலாம். மின்கட்டமைப்புக்கு வேண்டியதும் அதுதான், 12 மாதமும் ஒரே சீரான ஓட்டம். வேலை 2006-இல் தொடங்கியது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வெளிவந்தது அதற்குப் பிறகு! 2015 ஜனவரியில் நீர் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

அறிக்கையில் ஒரு சமாதானம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை 10 நாள் 'கட்டுப்படுத்தப்பட்ட வெள்ளம்' விடுவார்களாம். என் பார்வையில் காகிதத்தைத் தாண்டாத யோசனை. இயற்கை வெள்ளம் ஏறி இறங்க வாரக்கணக்கில் ஆகும். 10 நாள் நீர் மேல்மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடும். 3 மாதப் பயிரைத் தாங்கும் ஆழத்துக்கு இறங்காது. இரண்டாவது, வண்டல் தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வண்டல் இல்லாத தெளிநீர் போகிற வழியில் ஆற்றடியை அரித்துக்கொண்டே போகும். அடி இறங்கினால் அதே அளவு நீர் முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறாது. மூன்றாவது, காசு. விநாடிக்கு 1,000 கன மீட்டர் வீதம் 10 நாள் விட்டால் 86.4 கோடி கன மீட்டர், தேக்கத்தில் 17-இல் ஒரு பங்கு. மின்தேவை அதிகமுள்ள மாதத்துக்கு வைத்திருக்க வேண்டிய நீரை, வறண்ட ஆண்டில், ஆற்றங்கரைச் சோளத்துக்காக எந்த மின்வாரியம் திறக்கும்? அந்த வெள்ளமும் நிரந்தரமில்லை, மக்கள் வேறு பிழைப்புக்கு மாறும்வரைதான் என்றும் அதே அறிக்கை சொன்னது. மாறும் பிழைப்பு எது என்பது 2011-இல் தெரிந்தது.

கரும்பு. அந்த ஆண்டு கீழ் ஓமோவுக்கு அரசின் குராஸ் சர்க்கரைத் திட்டம் வந்தது. முதலில் 2,45,000 ஹெக்டேர் என்றார்கள், பிறகு 1,75,000, பிறகு 1,00,000. கரும்புக்குப் பருவ வெள்ளம் ஆகாது, வயலில் தேங்கினால் கெடும்; ஆண்டு முழுக்கக் கால்வாயில் சீராக நீர் வர வேண்டும். சோளக்காரர்களைக் கெடுத்த அதே சீரான ஓட்டம் கரும்புக்கு வரம். அணைக்கு ஓர் அறிக்கை, கரும்புக்கு இன்னொன்று என்று பிரித்தே பேசினார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே திட்டம். அணை இல்லாமல் அந்த அளவில் கரும்பு இல்லை.

'தண்ணீரைக் குடிக்காது' என்ற வாதமும் இங்கே முடிந்துபோகிறது. அந்த வெயிலில் கரும்புக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20,000 கன மீட்டர் என்று தோராயமாக வைப்போம். 1,75,000 ஹெக்டேருக்கு 350 கோடி கன மீட்டர்: அணைக்கு வரும் நீரில் நாலில் ஒரு பங்கு. இது ஆற்றுக்குத் திரும்பி வராது.

மக்களை என்ன செய்தார்கள்? புதிய குடியேற்றக் கிராமங்கள், சிறு பாசன நிலம், நிவாரணத் தானியம், மாட்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அறிவுரை. மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே கால்வாயும் சாலையும் வந்தன. பழைய படுகையில் நீர் எப்போது இறங்கும் என்று கரையைப் பார்த்து அவர்களே முடிவெடுத்தார்கள். புதிய நிலத்தில் மதகு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் விளைச்சல். குவேகு மக்கள் சுமார் 1,000 பேர்தான். மாடு அவ்வளவாகக் கிடையாது. மீன், தேன், வேட்டை, கரைச்சோளம், இவைதான் பிழைப்பு. வெள்ளம் வராமல் போய், தேன்கூடு வைத்த புதர்களையும் கரும்புக்கு அழித்தபோது விற்க மந்தைகூட இல்லாதவர்கள் அவர்கள்தான். எத்தியோப்பிய அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவு, மேய்ச்சல் மக்களைத் தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சர்க்கரையாவது கொட்டியதா? நாடு இன்னமும் சர்க்கரை இறக்குமதி செய்கிறது. 2022-இல் அரசு விற்பனைக்கு அறிவித்த 8 சர்க்கரை ஆலைகளில் 4 குராஸ் ஆலைகள்.

கடன் கொடுத்தவர்களைப் பற்றியும் ஒரு வரி. ஐரோப்பிய முதலீட்டு வங்கி விலகிக்கொண்டது, டர்பைன் பகுதிக்குச் சீன வங்கி கொடுத்தது. உலக வங்கி அணைக்குக் காசு தரவில்லை. 2012-இல் எத்தியோப்பியாவிலிருந்து கென்யாவுக்குப் போகும் மின்கம்பிக்கு 68.4 கோடி டாலர் ஒதுக்கியது. கம்பி வேறாம், அதில் ஓடும் மின்சாரம் வேறாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. 2006 ஆகஸ்ட் வெள்ளத்தில் தாசனெச் பகுதியில் 300-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கில் மாடு போயிற்று. அணை இதைத் தடுக்கும் என்றார்கள். ஆனால் 2020-க்குப் பிறகும் அதே தாசனெச் மக்களில் பல்லாயிரம் பேர் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தார்கள். கனமழையில் துர்கானா ஏரி உயர்ந்து கழிமுகத்துக்குள் ஏறிவிட்டது, ஆற்றுநீர் வடியவில்லை. வடியாத வெள்ளத்தில் விதைக்க இடம் ஏது?

அணையாலும் கரும்பாலும் ஏரி வற்றும் என்று எச்சரித்தவர்களிடம், ஏரி உயர்ந்ததைக் காட்டி 'பார்த்தீர்களா, வற்றும் என்றீர்களே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏரிக்கு வெளிவழி கிடையாது. உள்ளே வரும் நீரில் 80 சதவீதத்துக்கு மேல் ஓமோதான் தருகிறது. மழை கூடிய சில ஆண்டுகளைக் காட்டி கரும்புக்கு ஆண்டுதோறும் நீர் எடுப்பதை நியாயப்படுத்த முடியாது. கரும்பும் திட்டமிட்ட அளவில் பாதிகூட எட்டவில்லை, அதனால் நீர் எடுப்பும் முழு அளவை எட்டவில்லை. மேலும் மீனுக்கு மட்டம் மட்டும் போதாது. ஆண்டு வெள்ளம் கொண்டுவரும் சத்தும், கரையோர ஆழமற்ற நீர் ஏறி இறங்குவதும் வேண்டும். யுனெஸ்கோ 2018-இல் துர்கானா ஏரியின் தேசியப் பூங்காக்களை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

அணையை இடிக்க யாரும் சொல்லவில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் பல வாரம் நீளும் வெள்ளத்தை இயக்க விதியிலேயே எழுதலாம். திறப்பு அட்டவணையை முன்கூட்டியே கரையோர மொழிகளில் அறிவிக்கலாம். விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு பங்கைக் கீழே இருப்பவர்களுக்கு ஒதுக்கலாம். ஆனால் கிபே 3-க்குக் கீழே 2016 முதல் கொய்ஷா அணை எழுந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தபின் மேலே வெள்ளம் திறந்தாலும், கீழே அதைப் பிடிக்க இன்னொரு தேக்கம் காத்திருக்கும்.