ஜிம்மில் என்ன படிப்பு?

ஜெர்மனியில் பிள்ளை ‘கிம்னாசியம்’ என்கிற பள்ளியில் படிக்கிறான் என்று யாராவது எழுதிவிட்டால் போதும், “ஜிம்மில் என்ன படிப்பு?” என்று கிண்டலோடு ஒருவர் வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் உள்ள பொருளே அசல், மற்றதெல்லாம் திரிபு என்கிற நினைப்பு நமக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது. இந்தச் சொல் விஷயத்தில் அது சுத்தமாக எடுபடாது.

கிரேக்கத்தில் ‘கிம்னோஸ்’ என்றால் அம்மணம். ஆண்கள் துணியைக் களைந்து, உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசிப் பயிற்சி செய்த இடம் ‘கிம்னாசியோன்’. முடிந்ததும் எண்ணெயும் வியர்வையும் புழுதியும் சேர்ந்த அழுக்கை வளைந்த உலோகக் கருவியால் வழித்தெடுப்பார்கள். (அந்த அழுக்கையும் மருந்தென்று விற்றுக் காசு பார்த்திருக்கிறார்கள். ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்!) ஆனால் ஏதென்ஸில் பிளேட்டோ கற்பித்த அகாதெமியும் அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியமும் இதே கிம்னாசியங்கள்தான். மல்லுக்கட்டும் தர்க்கமும் ஒரே வளாகத்தில் நடந்தன. பிரான்சில் மேல்நிலைப் பள்ளிக்கு ‘லீசே’ என்று பெயர் வந்தது அந்த லைசியத்திலிருந்து.

பிற்காலத்துப் பாகப்பிரிவினையில் ஜெர்மானியருக்குப் படிப்பு போயிற்று, ஆங்கிலேயருக்கு உடம்பு. இத்தாலியர் சாமர்த்தியசாலிகள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு மல்யுத்தக் களத்தைக் குறித்த வேறொரு கிரேக்கச் சொல்லை எடுத்து ‘பலேஸ்த்ரா’ என்றார்கள். லத்தீனும் கிரேக்கமும் படிக்கிற வகுப்புகளுக்கு ‘ஜின்னாசியோ’. போலந்திலோ 1999-இல் இந்தப் பெயரில் தொடங்கிய மூன்றாண்டுப் பள்ளிகளை 2019-க்குள் மூடியே விட்டார்கள்.

சொல்லுக்குப் பரிந்து பேசுவதால் ஜெர்மானியப் பள்ளிமுறைக்கும் பரிந்து பேசுவதாக நினைத்துவிட வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பும் பள்ளிகளுக்கு 1812-இல் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யா சூட்டிய பெயர்தான் கிம்னாசியம். இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து வயதில்! அடிமைகள் கிம்னாசியத்தில் பயிற்சி செய்யக் கூடாது என்று பண்டைய ஏதென்ஸில் ஆட்சியாளர் சோலோன் சட்டமே போட்டதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். இன்றைய ஜெர்மனியில் அப்படிச் சட்டம் இல்லை, பின்னால் பள்ளி மாறவும் வழி உண்டு. ஆனாலும் அலமாரி நிறையப் புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளையும், ஜெர்மன் மொழியையே பள்ளிக்கு வந்து கற்றுக்கொண்ட பிள்ளையும் அந்த வயதில் ஆசிரியர் கண்ணுக்கு ஒன்றுபோலவா தெரிவார்கள்? பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் பொதுவாக ஆறாம் வகுப்புவரை பொறுக்கிறார்கள். மற்ற மாநிலங்களும் அதையாவது செய்யலாம்.