ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாது

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியையும் ஓடவிட்டால் பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கலாம் என்றும், ஆபத்து வந்தால் புகையின் வாடையே காட்டிக்கொடுத்துவிடும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. உயிரோடு தொடர்புடையது என்பதால் இதைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

புகைக்கு வாடை உண்டுதான். ஆனால் அதனுடன் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கத் தொடங்குகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவற்றைச் சாதாரணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுபவர் எழாமலே போகலாம். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலோ, என்ஜின் சூடேறிய பிறகும் சோக்கை (என்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தடுப்பை) மூடியே வைத்திருந்தாலோ பெட்ரோல் அரைகுறையாக எரிந்து இந்த வாயு இன்னும் கூடும். அதற்காக, நன்றாகப் பராமரித்த என்ஜினை உள்ளே வைக்கலாம் என்று பொருளல்ல.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில், புகைக்குழாய் கதவு ஜன்னல்களை நோக்காதபடி வைக்க வேண்டும். மூடிய போர்ட்டிகோவும் கதவு திறந்த கார் நிறுத்துமிடமும் திறந்தவெளி ஆகா. யாருக்காவது தலை சுற்றினால், என்ஜினை அணைக்க உள்ளே ஓடாமல், முதலில் எல்லோரும் வெளியேறி, உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.