பட்டினி போடச் சொல்ல நீங்க யாரு சார்?

ஞாயித்துக்கிழமை வியாசர்பாடி மண்டபத்துல 'நஞ்சில்லா உணவு'ன்னு பேனரு கட்டி நடந்த கூட்டத்தோட வீடியோ இந்நேரம் உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். எனக்கு மாமியார் வீட்டு குரூப்லகூட வந்துடுச்சு. நான் அங்கேயே உக்காந்திருந்த ஆளு. அதனால வீடியோவுல வெட்டிப்போட்டதையும் சேத்தே சொல்றேன்.

சாயங்காலம் சிக்கன் பக்கோடா வண்டி போடற அக்கா எழுந்து கேட்டது ஒரே கேள்வி. "பிராய்லர் விஷம், ரேஷன் அரிசி பிளாஸ்டிக்கு, பாமாயில் எமன்னு சொல்லிட்டே சார். அப்ப எங்க புள்ளைங்களுக்கு இன்னாத்ததான் ஆக்கிப் போடறது?" அதுக்கு மேடையில பேசினவரு, "நாட்டுக்கோழி கொடுங்கம்மா. முடியலன்னா பட்டினி போடுங்க. விஷத்துக்குப் பட்டினி எவ்வளவோ மேல்"னாரு. வீடியோ அங்க முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் முன்வரிசை கைதட்டினதும், அக்கா ஒண்ணும் பேசாம உக்காந்ததும் அதுல இல்ல.

நான் கேக்கறது ஒண்ணுதான். கேள்விய கம்பெனிகிட்ட கேளுங்க, கவர்மென்ட்டுகிட்ட கேளுங்க. எங்க தட்டுகிட்ட கேக்காதீங்க.

அன்னிக்கு அவரு அடிச்சு விட்டதுல முதல் விஷயம், கோயம்பேட்டுக்கு வர்ற கத்தரிக்கா பூரா மரபணு மாத்தினதாம். பூச்சிய எதிர்க்கறதுக்காக மரபணு மாத்தின பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபர்ல மத்திய ஒப்புதல் குழு சரின்னு சொன்னது உண்மை. 2010 பிப்ரவரியில அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊரா கருத்துக் கேட்டுட்டு நிறுத்தி வெச்சாரு. அந்தத் தடை இன்னிக்கும் நீங்கல. 2019ல ஹரியானாவுல திருட்டுத்தனமா விளைய வெச்சது மாட்டிச்சு, சரி. அதை வெச்சு கோயம்பேட்டுக் கூடையெல்லாம் அதுதான்னு சொன்னா, தலையில சுமந்து விக்கற ஆயாகிட்ட யாரு வாங்குவா?

நிஜமாவே கேக்க வேண்டியது வேற. 2002லேர்ந்து இங்க அனுமதியோட விளையற மரபணு மாற்றுப் பயிரு பருத்தி ஒண்ணுதான். அந்தப் பருத்திக்கொட்டையில எண்ணெய் ஆட்டி சமையலுக்கு அனுப்பறாங்க, புண்ணாக்கு மாட்டுக்குப் போகுது. 2021 ஆகஸ்ட்ல 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்க கோழித் தீவனத்துக்காக இறக்குமதி பண்ணிக்கலாம்னு மத்திய அரசு அனுமதி குடுத்தது. இதுல எதை வாங்கும்போது பாக்கெட்டப் பாத்து எனக்கோ உங்களுக்கோ தெரிஞ்சுது? இதைப் பேசியிருந்தா நானும் எழுந்து நின்னு கைதட்டியிருப்பேன். பேசல. ஏன்னா இதுக்கு எதிர்ல நிக்கறது பெரிய ஆளுங்க. பக்கோடா அக்கா சுலபம்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடறாங்களாம். கொட்டாயில ஆயிரக்கணக்குல கோழி. ஒவ்வொண்ணாப் பிடிச்சு தினம் ஊசி குத்த எத்தனை பேரு வேணும், அந்தச் செலவுல கிலோ இந்த விலைக்குக் கறி கிடைக்குமா? தலைமுறை தலைமுறையா வேகமா வளர்ற கோழிய மட்டும் பொறுக்கி இனம் சேத்து, மக்காச்சோளமும் சோயாவும் கணக்கா கலந்து போடறதாலதான் ஒண்ணரை மாசத்துல ரெண்டு கிலோ தாண்டுது. அந்தக் கோழிக்கு அது நல்ல வாழ்க்கையான்னு கேட்டா, இல்ல. பயப்படணும்னா ஆன்டிபயாட்டிக்குக்குப் பயப்படுங்க. கொலிஸ்டின்னு ஒரு மருந்து, வேற எந்த மருந்துக்கும் நோய் கேக்காத நோயாளிக்குக் கடைசியா குடுக்கறது. அதைத் தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க. 2019 ஜூலையிலதான் தடை வந்தது. இன்னொண்ணு, பல்லடம் பக்கம் கோழி வளக்கற விவசாயி. குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, மருந்தும் அவங்களோடது. கொட்டாயும் கரன்ட் பில்லும் கூலியும் மட்டும் இவரோடது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. சொந்த நிலத்துல சம்பள ஆளு. இதுல எதுவும் அந்த மேடையில வரல.

ரேஷன் அரிசிக்கு வரேன். இதுல எனக்கு வயிறு எரியுது.

அந்த 'பிளாஸ்டிக் அரிசி' செறிவூட்டின அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்துலயே அச்சுல பிழிஞ்சு, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்தது. 2021 சுதந்திர தினத்தன்னிக்கு பிரதமர் அறிவிச்ச திட்டம். தண்ணியில போட்டா சிலது மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேற மாதிரி. எங்க அம்மாவுக்கு ரத்தசோகை. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. அந்த அம்மா, வாட்ஸ்அப்ல வந்த வீடியோவ பாத்துட்டு, ராத்திரி சீரியல் ஓடிட்டு இருக்கும்போது முறத்துல அரிசியக் கொட்டி அந்தத் தம்மாத்தூண்டு இரும்பு அரிசிய மட்டும் ஒண்ணொண்ணாப் பொறுக்கி சன்னல் வழியா எறிஞ்சிட்டு இருந்தாங்க. "உனக்கும் சேத்துதான்டா பொறுக்கறேன்"னாங்க. மாத்திரைய பாதி நாள் மறந்துடுவாங்க, இதை ஒரு நாளும் மறக்கல. இந்தப் பாவம் யாரைச் சேரும்?

"தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கறவங்களுக்கு இரும்பு கூடினா ஆபத்தாச்சே"ன்னு கேக்கறீங்க. கரெக்ட். அவங்களுக்கு வேற அரிசி கேட்டு வாங்க வழி வேணும். யாரையும் கேக்காம எல்லாருக்கும் கலந்ததும் தப்புதான். அந்தக் கேள்விய கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க, கூட நானும் வரேன். பிளாஸ்டிக்குன்னு ஏன் புளுகணும்?

"தாத்தா காலத்துல எல்லாம் ஆரோக்கியமா இருந்தாங்க"ன்னு ஒரு கோஷ்டி. எங்க தாத்தா பின்னி மில் தொழிலாளி. அவரு காலத்துல அரிசிச் சோறுங்கறதே விசேஷம். 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு அண்ணா சொன்னதுக்கு ஊரே ஓட்டு போட்டுதுன்னா எப்பேர்ப்பட்ட பசியா இருந்திருக்கணும்? கடைசியில சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஒரு படிதான் குடுத்தாங்க, அதுக்கே தாத்தா சாகற வரைக்கும் கும்பிடு போட்டாரு. அந்தச் சமயத்துலதான் ஐ.ஆர்.8 மாதிரி குட்டை நெல்லு வந்தது. அது கூடவே யூரியாவ இழுத்துட்டு வந்தது, நிலத்தக் கெடுத்தது, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா தாத்தா தட்டு நிறைஞ்சுது.

"நம்மாழ்வார் அய்யாவையே கொச்சைப்படுத்தறியா"ன்னு கேப்பீங்க. ஏங்க, இயற்கை விவசாயத்துக்காக அந்த மனுஷன் வேட்டியோட வயல்ல நின்னவரு. பாரம்பரிய நெல்லக் காப்பாத்தின நெல் ஜெயராமன், விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை நெல்லு குடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுன்னு சொன்னவரு. அன்னிக்கு மண்டப வாசல்ல மாப்பிள்ளை சம்பா கிலோ 140 ரூபாய். பக்கத்துலயே பணம் கட்ட ஸ்கேன் பண்ற க்யூ.ஆர். கோடு. பயத்த உள்ள வித்துட்டு அரிசிய வெளிய விக்கறீங்க, ரொம்ப நல்ல ஏற்பாடு.

இன்னும் சில பேரு நான் விதைக் கம்பெனி கைக்கூலியாம். என் பாஸ்புக்க வேணா போட்டோ எடுத்துப் போடறேன். மினிமம் பேலன்ஸ் இல்லன்னு பிடிச்ச அபராதம் மட்டும்தான் இருக்கும். அதையும் நம்பலன்னா உங்க இஷ்டம்.

விஷம் விஷம்னு வந்து வகுப்பெடுக்கறீங்களே, இது எந்த ஊருன்னு தெரியுமா? வடசென்னை. பசுமைப் புரட்சிக்கு உரம் காய்ச்சற ஊரு. மணலியில 1971லேர்ந்து உரம் ஆலையில தயாராகுது. எண்ணூர்ல கப்பல்லேர்ந்து அமோனியாவ கடலுக்கடியில குழாய் போட்டு உரத் தொழிற்சாலைக்குக் கொண்டு போறாங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி அந்தக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சப்ப பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து கண்ணு எரிய, மூச்சு முட்ட, குழந்தைங்களத் தூக்கிட்டு ரோட்டுல ஓடினாங்க. ஐம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரியில. புயல் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் வந்து படிஞ்சதும் அதே மாசம்தான். எங்க சித்தி சின்னகுப்பத்துல இருக்காங்க. அன்னிக்கு ராத்திரி நைட்டியோட ஓடி வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டினாங்க, ரெண்டு நாளு பேச்சே வரல. அப்பறம் மீனவ ஜனங்க ஆலைய மூடுன்னு வாசல்ல உக்காந்தாங்க. நானும் சித்தியோட போய் உக்காந்தேன். 'நஞ்சில்லா' பேனரு ஒண்ணையும் அந்தப் பந்தல்ல நான் பாக்கல. நாட்டுக்கோழி சூப்பு ஃபிளாஸ்க்குல எடுத்துட்டு யாரும் வரல.

எங்க மூக்குல ஏத்துனது விஷமில்ல, எங்க வாயில போறதுதான் விஷம். அப்படித்தானே?

ஆர்கானிக்கே வேணாம்னு நான் எங்க சொன்னேன்? சத்துணவுல போடுங்க, அம்மா உணவகத்துல போடுங்க, ரேஷன்ல அரசே வாங்கி விலையில்லாம குடுக்கட்டும். அதுக்கு ஒரு மனு எழுதுங்க, முதல் கையெழுத்து என்னோடது. அது வரைக்கும் அக்கா வண்டி ஓடட்டும், அது ரெண்டு பசங்க படிப்பு.

காலையில இன்பாக்ஸ்ல வந்து, "நல்ல மனுஷங்கப்பா, சமூகத்துக்காக உழைக்கறாங்க, மனசு புண்படும், அந்தக் கூட்டத்தப் பத்தி நேத்து போட்ட ரெண்டு வரியையும் எடுத்துடு"ன்னு சொன்ன நண்பருக்கு: எடுக்க மாட்டேன். அக்கா மனசு புண்பட்டதுக்கு நீங்க யாரு இன்பாக்ஸுக்குப் போனீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்.